சிவப்பு என்று எழுதியிருந்த டப்பா

இந்த முறை கூட்டத்துக்குத் தனியாகப் போவதென்று தீர்மானம் நிறைவேற்றினேன். முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நான். எதிர்ப்பு எழவில்லை. எதிர்க்கட்சி அப்போது மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தது.

அது சாதாரணக் கூட்டம் இல்லை. ஆலையில் நாங்கள் வேலையை நிறுத்தி நாற்பது வருஷம் ஆகிறது. அறுபத்து மூன்று நாள் நின்றோம். தோற்றோம். நாற்பத்தோரு பேரை வெளியே தள்ளினார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக உலகமும் தள்ளியது. என்னைச் சேர்க்காமல் இன்று நடமாடுகிறவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேரும் சேர்ந்து ஒரு சின்ன மண்டபம் பிடித்திருந்தார்கள். முதல் இயந்திரத்தை நிறுத்தியவன் என்ற முறையில் நான் பேச வேண்டும். அவர்கள் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நிறுத்தினவர்' என்பார்கள். ஒரு ஆலையையே நிறுத்தினவர்.

வீட்டில் நிலைமை வேறு. ஆலையை நிறுத்தினவனை நிறுத்துகிறவள் ஒருத்தி இருந்தாள்.

எங்கள் காரில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவன் நான். ஓட்டுகிறவள் பக்கத்தில் இருக்கும் என் மனைவி.

"சிவப்பு. நில்லுங்க."

"எனக்கும் கண்ணு இருக்கு."

"இருக்கு. நில்லுங்க."

நிற்பேன்.

"பச்சை விழுந்திருச்சு. போங்க."

"முன்னாடி நிக்கிற லாரி போனா நானும் போகத்தான் போறேன்."

"லாரியை நம்புறதுக்கு என்னை நம்பலாம்."

நாற்பது வருஷமாக இப்படி. நில், போ, நில், போ. ஆலையில்கூட மேற்பார்வையாளன் சிறுநீர் கழிக்கப் போகும் நேரமாவது நமக்குச் சொந்தம். இங்கே அதுவும் இல்லை. போன வருஷம் ஒரே ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல். நான் தனியாக மருந்து வாங்கப் போனேன். பாலத்து முனையில் ஒரு லாரிக்காரர் வண்டியை என் மூக்குக்கு ஒரு முழத்தில் நிறுத்தி, இறங்கி வந்து, என் முன்னோர்களை ஒருவர் விடாமல் விசாரித்தார். அவர்மேல்தான் தப்பு என்று அவளிடம் விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து கார் சாவி சர்க்கரை டப்பாவுக்குள் குடியேறியது.

எங்கள் வீட்டு டப்பாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். 'உப்பு', 'சர்க்கரை', 'மிளகு' என்று அவளுடைய உருண்டை எழுத்து. சமையலறையோடு நிற்கவில்லை. நான் சுவரெழுத்து எழுதப் போன காலத்தில் என் பெயிண்ட் டப்பாக்களிலும் ஒட்டினாள். 'சிவப்பு', 'கறுப்பு', 'சிவப்பு'. எனக்கு எழுத்து மறந்துவிடக் கூடாது என்று நினைக்கிறாள் போலும் என்று விட்டுவிட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புதான். அதற்கு மேல் எனக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தது துண்டறிக்கைகள். அச்சில் வந்தால் உண்மை, எழுதியிருந்தால் நம்பு: அதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தின் முதல் பாடம். கடைசிப் பாடத்தை இந்த வயதில் படித்தேன்.

இன்னொன்று. என்னைத் தக்காளி வாங்க அனுப்ப மாட்டாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை அனுப்பினாள். கொண்டுவந்து கொட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "பத்து நாள் வச்சிருந்தா பழுத்துடும்," என்றாள். அதற்குப் பிறகு அனுப்பவே இல்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்றால் இதுதான்.

சரி, கார். சங்கத்தின் பிரசார வண்டி அது. சங்க அலுவலகத்தைப் பூட்டிய அன்று, மேசை நாற்காலிகளை எடுத்துக்கொள்ள ஆள் இருந்தது, காரை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். கூரையில் ஒலிபெருக்கி மாட்டிய இரண்டு ஓட்டைகள் இன்னும் உண்டு. மழை பெய்தால் ஓட்டுகிறவன் தோளில் சொட்டும். இடது தோளில். கொள்கையுள்ள கார்.

வெள்ளையாக இருந்தது வெளுத்து, பழைய பல்லின் நிறத்துக்கு வந்துவிட்டது. அதில் போய் அந்த ஏழு பேர் முன்னால் இறங்க முடியுமா? சிவப்படிப்பது என்று முடிவு செய்தேன். கடையில் கொடுக்காமல் நானே. ஊர்ச் சுவரெல்லாம் எழுதிய கை, ஒரு காரை எழுதாதா?

எதிர்பாராத இடத்திலிருந்து எதிர்ப்பு வந்தது. பக்கத்து வீட்டில் வண்டிகளுக்கு வர்ணம் அடிக்கிற ஒருவன் இருக்கிறான். தெருவில் அவனுக்குப் 'பளபளா' என்று பேர். வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"அண்ணே, பெயிண்டர் நான் ஒருத்தன் இங்கே இருக்கேன். நீங்களே அடிச்சுக்கிட்டா என் வேலை என்ன ஆகிறது? தொழிலாளி வேலையை இன்னொருத்தன் உள்ளே புகுந்து செஞ்சா, அதுக்கு உங்க பாஷையில ஒரு பேரு உண்டே."

"கருங்காலி."

"நான் சொல்லலை. நீங்களே சொல்லிட்டீங்க."

சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சொல் எனக்கு எங்கே தைத்தது என்று அவனுக்குத் தெரியாது.

கடைசியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. வர்ணத்தை அவன் கலந்து தருவான், அடிப்பது நான். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மூன்று நாள் காரைத் தேய்த்தேன். கார் கொஞ்சம் தேய்ந்தது. நான் நிறையத் தேய்ந்தேன்.

"பட்டி பார்த்தீங்களா அண்ணே?"

"பட்டிதொட்டியெல்லாம் பார்த்தவன் நான்."

"அந்தப் பட்டி இல்லைண்ணே. பள்ளத்துல அப்புற பட்டி."

அப்பினேன். பிறகு கண்ணாடிகளில் வர்ணம் படாமல் இருக்கத் தாள் ஒட்ட வேண்டும் என்றான். மனைவியிடம் பழைய தாள் கேட்டேன்.

"உங்க பழைய நோட்டீசுதான் ஒரு மூட்டை இருக்கே," என்றாள். கொண்டுவந்து போட்டாள். மேலே இருந்த நாலு தாளைத் தனியாக எடுத்து, "இது நல்ல தடிமன். முன் கண்ணாடிக்கு வச்சுக்குங்க," என்றாள்.

மாவுப் பசை காய்ச்சினேன். அச்சுப் பக்கம் வெளியே தெரிய, கண்ணாடி முழுக்கப் பசை தடவி, மூலை மடங்காமல், காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டினேன். பளபளா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"அண்ணே, ஓரத்துல டேப் ஒட்டினா போதும். இதை இனிமே எப்படிண்ணே உரிக்கிறது?"

"உரிக்கிறதுக்கா போஸ்டர் ஒட்டுறாங்க?"

"சரி, ப்ரைமர் அடிச்சாச்சா?"

"அது எதுக்கு?"

"போச்சு. முதல் கோட்டை விட்டுட்டீங்களே."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அவரு விடாத கோட்டையா தம்பி."

மறுநாள் வர்ண டப்பாக்கள் வந்தன. இரண்டு. வழக்கம்போல இரண்டிலும் சீட்டு ஒட்டியிருந்தது. வழக்கம்போல உருண்டை எழுத்து. 'சிவப்பு.' மூடியைத் திறந்தேன். கலக்கினேன். அடித்தேன்.

பிரஷ்ஷை மேலும் கீழும் இழுக்கிற வேலையில் ஒரு ஆபத்து உண்டு. கைக்கு வேலை இருக்கும், மனசுக்கு இருக்காது. அது தன்பாட்டுக்குப் பழைய இடங்களுக்குப் போய்விடும்.

தனியாகப் போக நான் துடித்ததற்கு உண்மையான காரணத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். நில், போ தொல்லை ஒரு சாக்கு. அந்த ஏழு பேரிடம் நான் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. நாலு பக்கம் எழுதி, பெட்டியில் பழைய நோட்டீசுகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்தேன்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்த நாள். சாப்பாட்டு மணி அடித்து இயந்திரங்கள் நின்றிருந்தன. திரும்ப மணி அடித்ததும் யாரும் ஓட்டக் கூடாது என்பது எங்கள் முடிவு. முடிவுக்காக அதிகம் கத்தியவன் நான். வரிசையில் முதல் இயந்திரமும் என்னுடையது. அது ஓடினால் மற்றவை ஓடும், அது நின்றால் மற்றவை நிற்கும். அறுநூறு கண்கள் என் முதுகில் இருந்தன. மேலாளர் என் பின்னால் வந்து நின்றார். "ஓட்டு," என்றார்.

அவள் அப்போது ஏழு மாதம். ஒரு மாதச் சம்பளம் நின்றால் வீட்டில் அரிசி நிற்கும். அந்த ஒரு நொடியில் எனக்குக் கொள்கை தெரியவில்லை. தோழர்கள் தெரியவில்லை. அவள் வயிறு தெரிந்தது. கையை நீட்டிப் பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

ஆமாம். ஓட்டுகிற பொத்தான். நான் ஓட்டத்தான் அமுக்கினேன்.

இயந்திரம் ஓடவில்லை. "ஓட்டுடா," என்று மேலாளர் கத்தினார். திரும்ப அமுக்கினேன். ஓடவில்லை. எனக்குப் பின்னால் ஆலை முழுக்கக் கூரை அதிர ஒரு ஆரவாரம் எழுந்தது. மேலாளர் முகத்துக்கு நேரே ஒருவன் இரண்டு தடவை நிறுத்துகிற பொத்தானை அமுக்கிக் காட்டுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். அன்று சாப்பாட்டு வேளையில்தான் மின்காரர் பழைய பொத்தான் பெட்டியைக் கழற்றிப் புதுசு மாட்டிவிட்டுப் போயிருந்தார். கம்பியைச் சரியாக இணைக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு அரைகுறை மின்காரர் என்னை வீரனாக்கிவிட்டார்.

வேலைநிறுத்தத்தின் ஐம்பதாம் நாள் குழந்தை பிறந்தது. பெண். பதினோரு நாள் இருந்தது. மருந்துக் கடையில் கடன் தரவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை.

மேடையில் அதைத் தியாகம் என்றார்கள். நான் தலையைக் குனிந்து நின்றேன். அடக்கம் என்றார்கள்.

இதைத்தான் சொல்லப் போனேன். நீங்கள் நம்பி வெளியே வந்தது ஒரு வீரன் பின்னால் இல்லை. அமுக்கத் தெரியாத ஒரு கருங்காலியின் பின்னால். சொல்லிவிட்டால் மிச்சமிருக்கிற நாட்களில் தூக்கமாவது வரும் என்று இருந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டாவது கோட்டும் முடிந்தது. பிரஷ் மயிர் ஏழெட்டு ஒட்டிக்கொண்டு காருக்கு மீசை முளைத்திருந்தது. கதவில் இரண்டு கொசு தற்கொலை செய்துகொண்டிருந்தன. ஆனாலும் வண்டி ஜொலித்தது. இடுப்பில் கை வைத்து நின்றேன். எதிர்வீட்டுத் தையல்காரர் கடையை மூடிவிட்டு வந்தார். நின்றார். காரைச் சுற்றி வந்தார்.

"என்ன தோழர், கட்சி மாறிட்டீங்களா?"

"புரியலை."

"இல்லை, உங்களைப் போய் இந்த நிறத்துல..." என் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு. புல்வெளியில நிறுத்தினா கொஞ்சம் தேடணும்," என்று சொல்லிவிட்டு வேகமாக வீட்டுக்குள் போய்விட்டார்.

வேலிப் பக்கம் போனேன். பளபளா தன் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"டேய், இது என்ன நிறம்?"

"அண்ணே, என்னைக் கேக்காதீங்க. அண்ணி சொன்னதைக் கலந்தேன். அண்ணிகிட்டயே கேட்டுக்குங்க."

அவள் வாசற்படியில் உட்கார்ந்து என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"கார் என்ன நிறம்?"

"நீங்கதானே அடிச்சீங்க."

"நீதானே எழுதின."

ஊசியைப் பொத்தான் துளையில் விட்டு இழுத்தாள். "பச்சை," என்றாள்.

"சிவப்புன்னு எழுதியிருக்கே."

"நீங்க ஊருச் சுவரெல்லாம் எழுதினீங்க. விடியுதுன்னு எழுதினீங்க. நம்பினோம்ல. அது மாதிரிதான்."

"எனக்குச் சிவப்பாத்தானே தெரியுது."

"உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க. முதல் மாசத்துலயே தெரியும் எனக்கு. சிவப்புப் புடவைன்னு சொல்லி ஒண்ணு வாங்கிட்டு வந்தீங்க, ஞாபகம் இருக்கா?"

"நீ அதைக் கட்டிக்கிட்டு ஊர்வலத்துல முதல் வரிசையில நடந்தியே. எல்லாரும் பார்த்துச் சிரிச்சாங்களே."

"ஆமா. பச்சைப் புடவையில ஒருத்தி செங்கொடி பிடிச்சா சிரிக்க மாட்டாங்களா?"

நான் படியில் உட்கார்ந்தேன். தக்காளி, டப்பாவில் சீட்டு, நில், போ, எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. நாற்பது வருஷமாக நான் அடக்குமுறை என்று எண்ணியிருந்தவை.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா ஒத்துக்குவீங்களா? நிர்வாகத்தோட சதின்னு ரெண்டு பக்கத்துக்கு நோட்டீசு போடுவீங்க. அதுவும் இல்லாம, அப்ப ஆலைக்காரன் காதுல விழுந்தா கண்ணு சரியில்லைன்னு வேலையை விட்டு அனுப்பியிருப்பான்." நூலைப் பல்லால் கடித்தாள். "அப்புறம் சொல்ல முடியலை. எதைச் சொன்னாலும் அந்தப் பெட்டியில போய் நிக்கும்."

"எந்தப் பெட்டி?"

"ஆலையில புதுசா மாட்டின பொத்தான் பெட்டிதான். அதுல ஒரு குறையும் இல்லைங்க. பொத்தானை இடம் மாத்தி வச்சேன்னு அந்த மின்காரரே பின்னாடி சொன்னாரு, அவ்வளவுதான். நீங்க அதுவரைக்கும் இடத்தை வச்சு அமுக்கியிருக்கீங்க, நிறத்தை வச்சு இல்லை."

"அது உனக்கு எப்படித் தெரியும்? பச்சையை அமுக்கினேன்னு இந்த உலகத்துல ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதில்லை."

"என்கிட்டதான் சொல்றீங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை, தூக்கத்துல. 'பச்சையைத்தானே அமுக்கினேன், ஏன் ஓடலை'ன்னு. நாப்பது வருஷமா கேக்கறேன்." ஊசியை நூல்கண்டில் குத்தினாள். "போன மாசத்துலேர்ந்து 'தோழர்களே'ன்னு ஆரம்பிக்கிறீங்க. அதான் தனியாப் போறேன்னு ஏன் குதிக்கிறீங்கன்னு புரிஞ்சுபோச்சு."

தெரு விளக்கு எரிந்தது. நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அப்போ நான் கருங்காலின்னு தெரிஞ்சும் நீ..."

"உங்களுக்கு அதுக்குப் பேரு கருங்காலி," என்றாள். சட்டையை மடியில் வைத்துத் தடவினாள். "அந்தப் பதினோரு நாளும், அப்புறமும், ஊர்ல எல்லாரும் என்கிட்ட வந்து சொன்னாங்க, உன் புருஷன் உங்க ரெண்டு பேரையும்விட ஊரைப் பெரிசா நெனச்சவர்னு. ஆறுதலா சொல்றாங்களாம். நான் உள்ளே போய் உக்காந்துக்குவேன். நீங்க தூக்கத்துல சொல்லுவீங்க, பச்சையை அமுக்கினேன்னு. அதைக் கேட்டுத்தான் நான் எழுந்து மறுநாள் அடுப்பு பத்த வச்சேன். ஆலையை நிறுத்தினவரை ஊரு வச்சுக்கட்டும். பச்சையை அமுக்க நெனச்சாரே, அவருதான் என் புருஷன். எனக்குன்னு மிஞ்சினது அது ஒண்ணு. அதை நீங்க மைக்குல பேசி ஏழு பேருக்குப் பங்கு வைக்கப் போறீங்க."

வாழ்க்கையில் முதல் முறையாக மறுப்புரை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அந்த ஏழு பேருக்கும் அந்தக் கதையை விட்டா வேற என்ன இருக்கு?" என்றாள். "உங்க பாரத்தை இறக்கி வைக்க அந்தக் கிழவங்க தலைதான் கிடைச்சுதா? என் தலை இருக்குல்ல. நாப்பது வருஷமாப் பழகின தலை."

காலையில் முன் கண்ணாடியை உரித்தேன். உரிப்பதா, சுரண்டினேன். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் சுரண்டினேன். நாலு தாளும் கூழாகி வந்தன. ஒரு துண்டின் பின்பக்கம் நீல மை கரைந்திருந்தது. என் கையெழுத்து. 'தோழர்களே, அன்று நான்' என்பது வரை இருந்தது. மற்றது பசையில் போய்விட்டது. பழைய நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதுகிற என் சிக்கனப் பழக்கம் அவளுக்குத் தெரியாதா?

"இதை நீ வேணும்னே எடுத்துக் கொடுத்த."

"கொடுத்தேன். ஒட்டினது நீங்க. நல்லா ஒட்டியிருந்தீங்க."

கிளம்பினோம். என் தீர்மானத்தில் 'தனியாக' என்ற சொல் மட்டும் திருத்தப்பட்டது. அவள் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் அடியிலிருந்து எடுத்த அந்தப் பழைய புடவையைக் கட்டியிருந்தாள். காரும் அவளும் எனக்கு ஒரே நிறமாகத் தெரிந்தார்கள். என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை.

"ஏன் பச்சைன்னு அவங்க கேட்டா என்ன சொல்றது?"

"சிவப்புன்னு நெனச்சு அடிச்சேன்னு சொல்லுங்க. உண்மைதானே. சிரிப்பாங்க. அவங்க சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

பாலத்து முனையில் விளக்கு. "சிவப்பு. நில்லுங்க," என்றாள். நின்றேன். எனக்குக் கண் இருக்கிறது என்று சொல்லவில்லை. கூரை ஓட்டை வழியாக வெயில் ஒரு காசு அளவுக்கு என் இடது தோளில் விழுந்தது. பின்னால் லாரிகள் சேர்ந்தன. எனக்கு என்னமோ கண் கரித்தது. சுரண்டிய பசைத் தூள் பட்டிருக்கும். விளக்கு மாறியதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பின்னால் ஒரு லாரி ஒலியெழுப்பியது.

அவள் என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"பச்சை விழுந்திருச்சுங்க. இந்தத் தடவையாவது சரியா அமுக்குங்க."